இடது பக்கத்துப் பெயர்

காலையில் துணி காயப்போட வெளியே வந்த குமுதா, வீட்டு முன்னால் கார் நிறுத்தும் போர்ச்சில் நின்ற விமானத்துக்குள் எட்டிப் பார்த்தபோது இருக்கை வார்கள் பூட்டியிருந்தன. முந்தின மாலை அவை அவிழ்ந்து கிடந்ததை அவளே பார்த்தாள். அவள் கணவன் அர்ச்சுனன் எப்போதும் அப்படித்தான் விடுவான். தோள் வார்களைப் பின்னால் தள்ளி, இடுப்பு வார்களை வெளிப்பக்கம் மடித்து, யாரோ வந்து உட்காரப் போகிற மாதிரி. இப்போது நான்கும் நடுவிலிருந்த வட்டப் பூட்டில் செருகி இறுக்கியிருந்தன. ஆள் இல்லாத இருக்கையில் வாரைப் பூட்டினால் அது தொளதொளவென்று சரிந்து கிடக்க வேண்டும். இவை சரியவில்லை. உள்ளே ஓர் உடம்பு இருக்கும் அளவுக்கு இடம் விட்டு விம்மி நின்றன.

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, வயிற்றெரிச்சல். இரவில் எழுந்து வந்து இந்த மனுஷன் இதற்குள் உட்கார்ந்திருக்கிறான் என்றுதான் நினைத்தாள். கட்டிலில் அவள் பக்கம் திரும்பிப் படுக்க முதுகு வலிக்கிறதாம், இந்தக் குழிக்குள் இறங்கி உட்கார மட்டும் வலிக்காது போலிருக்கிறது. துணி வாளியை நங்கென்று தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

“ராத்திரி வெளிய போனீங்களா?”

கோப்பியை ஊதிக்கொண்டிருந்த அர்ச்சுனன் நிமிரவில்லை. “இல்லியே. ஏன்?”

“பெல்ட்டெல்லாம் பூட்டிக் கெடக்கு.”

அவன் கோப்பியைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் என்ன வருகிறது என்று குமுதா உன்னிப்பாகப் பார்த்தாள். திகைப்பு வரவில்லை. பயம் வரவில்லை. வெளியூர் போன ஆள் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது என்று தகவல் கேட்டவன் முகம் போல ஒரு நிம்மதி வந்து போனது. “நான்தான் பூட்டியிருப்பேன், மறந்திருப்பேன்லா,” என்று சொல்லிவிட்டு மறுபடி கோப்பியை எடுத்துக்கொண்டான்.

அது முழு விமானமில்லை. பழைய போர் விமானம் ஒன்றை இறக்கைக்கு முன்னாலேயே வெட்டி எடுத்த தலைப்பகுதி மட்டும். கூரான மூக்கு, அதற்குப் பின்னால் ஓர் ஆள் உட்காரும் குழி, மேலே திறந்து மூடும் கண்ணாடி. ஈப்போ பழைய டவுனில் கோப்பிக் கடை திறக்கப் போகிற பழனியப்பன் அதைப் பழைய இரும்புக்காரனிடமிருந்து வாங்கியிருந்தார். கடை நடுவில் இதை நிறுத்தி, சுற்றுச் சுவரில் அது பறந்த மீன்கொத்தி ஸ்குவாட்ரன் என்ற விமானப்படைப் பிரிவின் வரலாற்றைப் படமும் எழுத்துமாக மாட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. அதே ஸ்குவாட்ரனில், அதே விமானத்துக்கு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ஒருவன் சிம்மோர் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இருக்கிறான் என்று யாரோ சொல்ல, லோரியில் ஏற்றிக்கொண்டு நேரே வந்துவிட்டார். அர்ச்சுனன் தன் காரை ரோட்டோரம் தள்ளிவிட்டுப் போர்ச்சை அதற்குக் கொடுத்தான். வெயிலிலும் மழையிலும் கிடந்து காரின் நிறம் போனால் போகட்டுமாம்.

அந்தத் தாமானே ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். வீடுகளுக்குப் பின்னால் வெட்டாமல் விட்ட பால்மரங்கள் சில வரிசைகள் இன்னும் நின்றன. அவற்றுக்கும் பின்னால் சுண்ணாம்புக் குன்று மழைக்கறை படிந்து கறுத்து நின்றது. வெயில் நாட்களில் ரப்பர் கொட்டைகள் வெடித்துத் தகரக் கூரையில் டக்கென்று விழும், உருளும், தண்ணீர்க் குழாய்க்குள் போய் நிற்கும். குமுதா தோட்டத்தில் பிறந்தவள். அந்தச் சத்தத்துக்கோ இருட்டுக்கோ பாம்புக்கோ பயப்படுகிறவளில்லை. அவள் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான், அது அந்த விமானத்தின் இடது பக்கம் வெள்ளைச் சாயத்தில் எழுதியிருந்தது.

கேப்டன் பிரமிளா.

போர் விமானத்துக்கு அது வழக்கம். கண்ணாடி மூடிக்குக் கீழே இடது பக்கம் ஓட்டுகிறவர் பெயரும் வலது பக்கம் பராமரிக்கிற மெக்கானிக் பெயரும் இருக்கும். இதில் வலது பக்கம் சார்ஜெண்ட் அர்ச்சுனன், இடது பக்கம் கேப்டன் பிரமிளா, நடுவில் ஓர் இருக்கை. கல்யாணப் பத்திரிகையில்கூட இவ்வளவு அழகாகப் பொருத்தம் பார்த்துப் போட மாட்டார்கள் என்று குமுதா மனதுக்குள் சொல்லிக்கொள்வாள்.

பிரமிளாவை அவள் ஒரு தடவைதான் நேரில் பார்த்தாள். கேம்ப்பில் குடும்ப நாள் என்று கூப்பிட்டிருந்தார்கள். மகள் கவிநயாவைக் கையில் பிடித்துக்கொண்டு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றாள். கட்டையாக முடி வெட்டிய ஒரு பெண் பச்சை உடையில் ஏணி ஏறி உள்ளே இறங்கினாள். பின்னாலேயே அர்ச்சுனன் ஏறினான். குனிந்து, அவள் இரண்டு தோள்களுக்கு மேலாகவும் கைகளைக் கொண்டுபோய், வார்களை எடுத்து முன்னால் கொண்டுவந்து, பூட்டி, ஒவ்வொன்றாக இழுத்து இறுக்கினான். அவசரமே இல்லை அவனுக்கு. கடைசியில் ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் வாயை வைத்து என்னவோ சொன்னான். விரல் முட்டியால் ஹெல்மெட் உச்சியில் இரண்டு தட்டு தட்டினான். அவள் அண்ணாந்து சிரித்தாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் தன்னை ஒரு தடவைகூட அவன் அப்படிப் பொறுமையாகத் தொட்டதில்லை என்பது குமுதாவுக்கு அந்தக் கொதிக்கிற தார்த் தரையில் நின்றபோதுதான் தெரிந்தது. “உங்க அப்பா என்ன சொல்றாரு அவங்ககிட்ட?” என்று குழந்தையிடம் கேட்டாள், அது ஐஸ்கிரீம் வேண்டும் என்றது.

பிறகு பிரமிளா செத்துப்போனாள். அன்று இந்த விமானம் பழுதுபார்க்கக் கொட்டகையில் நின்றது. அவள் வேறொன்றை எடுத்துக்கொண்டு போனாள். லூமுட்டுக்கு அப்பால் கடல் மேல், மழை மேகத்துக்குள் போனவள் வெளியே வரவில்லை. ஹுத்தான் மெலிந்தாங் ஊர் மீனவர் ஒருவர் வலையில் ஒரு கையுறை மட்டும் வந்தது. செய்தி கேட்டுக் குமுதா அழுதாள், நிஜமாகவே அழுதாள். அழுது முடித்ததும் நெஞ்சுக்குள் அப்பாடா என்றிருந்தது. ஆனால் அந்த நிம்மதி நிலைக்கவில்லை. குமுதாவுக்கு மூட்டு வலி வந்தது, முடி கொட்டியது, கண்ணாடி போட்டாள். பிரமிளா அப்படியே இருந்தாள்.

போன வாரம் பழனியப்பன் வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க வந்தார். அர்ச்சுனன் துடைத்தபடியே அவருக்குச் சுவரில் எழுத வேண்டியதைச் சொல்லிக்கொண்டிருந்தான். மீன்கொத்தி ஸ்குவாட்ரனுக்கு முதலில் வந்தவை வெள்ளைக்காரன் விட்டுப்போன, மூக்கில் விசிறி சுற்றும் விமானங்கள். அதற்கப்புறம் அடுத்த நாட்டுக்காரன் ஓட்டித் தேய்த்துக் கொடுத்த வெள்ளி நிற ஜெட்டுகள். பிறகு ஊசி மூக்கும் இரண்டு எஞ்சினும் வைத்தவை. கடைசியாக இந்தச் சின்ன ஜெட். எது எந்தக் காட்டில் விழுந்தது, எது திடலில் தூண்மேல் ஏறி நிற்கிறது, எதை உருக்கிச் சட்டிபானை செய்தார்கள், எல்லாம் அவனுக்கு மனப்பாடம். மகள் பிறந்த தேதியைக் கேட்டால் குமுதாவைத் திரும்பிப் பார்ப்பான். பழனியப்பனுக்குக் கோப்பி கொண்டுவந்த குமுதா கதவருகிலேயே நின்றாள்.

“எல்லாம் சரிதான் அர்ச்சுனன். இந்தப் பேரை மட்டும் அழிச்சுப்புட்டு நம்ம கடை பேரை எழுதிருவமா?”

“வேணாம் அண்ணே.” துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. “அடுத்த ஆளு பேரு தயாரா இருந்தாத்தான் நாங்க பழைய பேர அழிப்போம். பேரில்லாம ஒரு ராத்திரிகூட நிறுத்த மாட்டோம். இவங்க போனப்புறம் அடுத்த ஆளு வரவே இல்ல, ஸ்குவாட்ரனையே கலைச்சிட்டாங்க. அதான் பேரு அப்படியே நின்னு போச்சு.”

“நிறுத்துனா என்ன ஆகுமாம்?”

“தெரியல அண்ணே. யாரும் நிறுத்துனதில்ல.”

“பயமுறுத்தாதீகப்பா, சாப்பிட வர்றவுக ஓடிருவாக,” என்று பழனியப்பன் சிரித்தார். அர்ச்சுனன் சிரிக்கவில்லை. குமுதா கோப்பித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். அழிக்க மனசு வரவில்லை என்று சொன்னால் போதாதா, அதற்கு இவ்வளவு கதையா என்று பொருமினாள்.

வார் பூட்டிக் கிடந்த அன்று அவள் கிளினிக் வேலை முடிந்து வீடு திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஈப்போ மழை மாலையில் கொட்டத் தொடங்கினால் எதிரே வருகிற வண்டி தெரியாது. குடையை மடக்கிக்கொண்டு போர்ச் ஓரத்தில் ஒதுங்கியவளுக்கு, விமானத்தைச் சுற்றித் தொங்கவிட்டிருந்த நீல தார்ப்பாய்க்குப் பின்னாலிருந்து அர்ச்சுனன் குரல் கேட்டது. மெதுவாக, இழைந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் நின்று, பதில் கேட்டுவிட்டு அடுத்ததைச் சொல்கிற குரல். நடுவில் சிரித்தான். மழை கூரையில் அறைந்தது, கால்வாயில் சுழித்து ஓடியது, எங்கோ நாய் ஒன்று முனகியது. இதற்கெல்லாம் அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. குழாய் வழியாக மூச்சு விடுவது போல, உள்ளே இழுத்து, நிறுத்தி, வெளியே விட்டு, மறுபடி உள்ளே.

தார்ப்பாயை இழுத்தாள். அர்ச்சுனன் ஏணியில் நின்றிருந்தான், முழங்கை வரை கை குழிக்குள் இருந்தது. வேறு யாருமில்லை. வாசனை மட்டும் இருந்தது. மண்ணெண்ணெய் வாடைக்கு அவள் பழகிவிட்டாள், இது வேறு. உழைத்துக் களைத்த ஒரு பெண்ணின் வியர்வையும், நாள்பட்ட ரப்பர் முகமூடியும்.

“யார்கூட பேசுறீங்க?”

“சும்மா… பழச நெனச்சுக்கிட்டு.”

“பழசா? சிரிப்பு சத்தம் புதுசால்ல இருந்திச்சு.”

அவன் இறங்கி உள்ளே போனான். குமுதா அங்கேயே நின்றாள். அவன் போன பிறகும் அந்த மூச்சு நிற்கவில்லை. உள்ளே. நிறுத்தம். வெளியே. அவள் ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினாள். மூச்சு ஒரு கணம் நின்றது, யாரோ காது கொடுத்துக் கேட்கிற மாதிரி. பிறகு மறுபடி தொடங்கியது. குமுதா ஓடவில்லை, ஆனால் குடையை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே வந்தாள், கதவைத் தாழிட்டாள், தாழ் சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தாள்.

மறுநாள் பாசாரில் மீன் வாங்கும்போது பக்கத்து வீட்டுக் கலாதேவி ஒட்டிக்கொண்டாள்.

“அக்கா, வீட்டுக்கு யாராச்சும் சொந்தக்காரங்க வந்திருக்காங்களா?”

“இல்லியே.”

“நேத்து மத்தியானம் போர்ச்சுல ஒருத்தவங்க நின்னாங்களே. முடிய கட்டையா வெட்டி. அண்ணன்கூட பேசிக்கிட்டு இருந்தாங்க. நான் உங்க தங்கச்சியோன்னு நெனச்சேன்லா. அண்ணன் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல.”

மீன்காரர் பையை நீட்டியபடி நின்றார். செத்த ஒருத்தி பட்டப்பகலில் தன் வீட்டு வாசலில் நின்றிருக்கிறாள் என்பது குமுதாவுக்கு அப்புறம்தான் உறைத்தது. முதலில் உறைத்தது அந்தச் சிரிப்பு. அவன் தன்னிடமிருந்த சிரிப்பையெல்லாம் அவளுக்கென்று பத்திரமாக எடுத்துவைத்திருந்தான். தனக்கு முதுகு வலியும் மௌனமும்.

அன்று மத்தியானம் அர்ச்சுனன் சாயம் வாங்க டவுனுக்குப் போனான். மோட்டார் சத்தம் முனையில் மறைந்ததும் குமுதா சாயத்தைக் கரைக்கிற தின்னர் போத்தலையும் சுரண்டுகிற பிளேடையும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். உள்ளே பார்க்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள். ஆனாலும் பார்த்தாள். வார்கள் பூட்டியே இருந்தன, விம்மியே இருந்தன. இப்போது அவை மெல்ல உயர்ந்து தாழ்ந்தன.

“உனக்குத்தாண்டி இது,” என்று சொல்லிவிட்டுச் சுரண்டத் தொடங்கினாள்.

சாயம் சுலபமாக வரவில்லை. தின்னர் கண்ணை எரித்தது, மூக்கை அடைத்தது. பால்மரக் காட்டுக்குள் கொட்டைகள் வெடித்தன, ஒன்று, பிறகு நாலைந்து சேர்ந்தாற்போல. பிளேடுக்கு அடியில் தகரம் உடம்புச் சூட்டில் இருந்தது. வெயில்தான் என்று நினைத்துக்கொண்டாள், போர்ச்சுக்குள் வெயில் வருவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். எழுத்து ஒவ்வொன்றாகச் சுருண்டு உதிர்ந்தது. கடைசி எழுத்து விழுந்தபோது குழிக்குள் ‘க்ளக்’ என்றது. வட்டப் பூட்டு தானாகத் திறந்தது. நான்கு வார்களும் உயிர் போன மாதிரிச் சரிந்து விழுந்தன.

மூச்சு நின்றுவிட்டது. மழைக்கு முந்தின புழுக்கத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. ஏணி யாரோ அதிலிருந்து இறங்கிப் போனது போல ஒரு தடவை ஆடி நின்றது, அவள் இன்னும் அதில்தான் நின்றிருந்தாள்.

குமுதாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒழிந்தாள். அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து ஒழிந்தாள். ஏணியிலிருந்து இறங்கி, கையைக் கழுவ உள்ளே போனவள், குளியலறைத் தரை நனைந்திருந்ததைப் பார்த்தாள். காலையிலிருந்து அங்கே யாரும் போகவில்லை. அவள் சீப்பு ஜன்னல் ஓரத்தில் இருந்தது, அது கண்ணாடி மேசையில் இருக்க வேண்டியது. ஹாலில் அவள் உட்காரும் நாற்காலி வெளியே இழுத்துப் போட்டிருந்தது. இதையெல்லாம் பார்த்தாள், பார்த்தும் மனதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜெயித்தவளுக்கு அந்தப் பொழுதில் வேறு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

அர்ச்சுனன் வந்தபோது வானம் கறுத்துவிட்டது. சாய டின்னோடு இடது பக்கம் வந்து நின்றான். வெறும் தகரத்தைப் பார்த்தான். டின்னைக் கீழே வைத்தான்.

“யாரு அழிச்சா?”

“நான்தான்.”

திட்டுவான், அடிக்கக்கூடக் கை ஓங்குவான் என்று எதிர்பார்த்து அதற்கும் தயாராக நின்றாள். அவன் சத்தமே போடவில்லை. “பேரில்லாம நிக்குதே, குமுதா,” என்றான். அவன் குரலில் இருந்தது பயம். அந்தப் பயம் யாருக்காக என்று அவள் யோசிக்கவில்லை.

“அப்ப என் பேர எழுதுங்க.”

“என்ன?”

“என் பேர எழுதுங்க. இத்தன வருஷமா உங்களுக்குச் சோறாக்கிப் போட்டவ நான். ஒரு தடவயாச்சும் உங்க பேருக்கு எதிர்ல என் பேரு இருக்கட்டும். அவளுக்கு எழுதுன கைதானே, எனக்கு எழுத வலிக்குதா?”

“விளையாட்டு இல்ல குமுதா. பேரு எழுதிட்டா அப்புறம்…”

“அப்புறம் என்ன? அவளத் தவிர வேற யாரும் அங்க இருக்கக் கூடாதா?”

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக, திறந்திருந்த வீட்டுக் கதவைப் பார்த்தான். யாரிடமோ கேட்கிற மாதிரிப் பார்த்தான். பிறகு தலையாட்டினான்.

“சரி.”

எழுதினான். மெல்லிய தூரிகையால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக. குமுதா. ஈரம் மினுங்கிய அந்தப் பெயரைப் பார்த்து அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கல்யாணப் புடவை கட்டி நின்ற அன்றுகூட அவளுக்கு இவ்வளவு சந்தோஷமில்லை. ஆசை அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

“என்னையும் உக்கார வைங்க. அவள எப்படிக் கட்டி உக்கார வச்சீங்களோ அதே மாதிரி.”

மழை தொடங்கிவிட்டது. தாமான் முழுக்க ஒரே இரைச்சல். குன்று மறைந்து, மரங்கள் மறைந்து, எதிர் வீடும் மறைந்துவிட்டது. அர்ச்சுனன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“ஏறுறதுக்கு முன்ன வளையல், மோதிரம், சங்கிலி எல்லாம் கழட்டணும். எதுலயாச்சும் சிக்கிக்கும். அது ரூல்.”

வளையலைக் கழற்றினாள். மோதிரத்தைச் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழற்றினாள். அவன் இன்னும் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

“தாலியுமா?”

“அதுவும் சங்கிலிதானே.”

குமுதாவின் கை கழுத்துக்குப் போய் நின்றது. பிரசவத்தில் ஆஸ்பத்திரிக்காரி கேட்டபோதும் அவள் அதைக் கழற்றித் தரவில்லை, துணி சுற்றி மறைத்துக்கொண்டாள். “அவளும் சங்கிலியெல்லாம் உங்ககிட்டதான் குடுப்பாளா?”

“எல்லாத்தயும் எங்கிட்டதான் குடுப்பாங்க.”

அது போதும். கொக்கியை விடுவித்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான்.

ஏணி. விளிம்பு. கால் உள்ளே. இருக்கை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ எழுந்து போனது போல. முதுகு வைத்த இடத்தில் இன்னொரு முதுகின் பள்ளம். அவளுக்குப் பொருந்தாத பள்ளம். அர்ச்சுனன் மேலேறிக் குனிந்தான். அவன் கைகள் அவள் தோள்களுக்கு மேலாக வந்தன. அவசரமே இல்லை. வார்கள் நெஞ்சில் இறங்கின. பூட்டில் ஒவ்வொன்றாக விழுந்தன. இழுத்தான். இறுக்கினான். அவன் சட்டையில் மழை வாசனை, சாய வாசனை. குமுதா கண்ணை மூடிக்கொண்டாள். இதுதான். இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் இத்தனை வருஷமும் வயிறு எரிந்தது.

“அன்னிக்கு அவ காதுல என்னங்க சொன்னீங்க?”

“எப்பவும் சொல்றதுதான்.”

“என்ன?”

“திரும்பி வந்திருங்கன்னு.”

குமுதா காத்திருந்தாள். முகத்தை அவன் பக்கம் திருப்பி, காதை வாகாகக் கொடுத்து, காத்திருந்தாள்.

அவன் சொல்லவில்லை.

அவள் உச்சந்தலையில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினான். இறங்கினான். கண்ணாடி மூடி மேலிருந்து வந்து உட்கார்ந்தது. மழைச் சத்தம் அறுந்தது.

“போதுங்க. தொறங்க.”

தன் குரல் தனக்கே கேட்கவில்லை. பூட்டைத் திருகினாள். திரும்பவில்லை. வார்கள் தளரவில்லை. கண்ணாடியை முட்டியால் இடித்தாள், சத்தமே வரவில்லை. கைகள் கனத்தன. மூச்சு குழாய் வழியாக வந்தது. உள்ளே. நிறுத்தம். வெளியே. அது தன் மூச்சுதான்.

அர்ச்சுனன் ஏணியை எடுத்துச் சுவரில் சாய்த்தான். திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போனான்.

ஹாலில் விளக்கு எரிந்தது. ஜன்னல் நேரே எதிரில். அவள் நாற்காலி ஜன்னலுக்கு முதுகு காட்டி இருந்தது. அதில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். பச்சைப் பூப்போட்ட நைட்டி. குமுதாவின் நைட்டி. கட்டையாக வெட்டிய ஈர முடி. கழுத்து வெறுமையாக, நீரில் ஊறி வெளுத்து, தண்ணீர் சொட்டிக்கொண்டு.

அர்ச்சுனன் அந்த நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான்.

சட்டைப் பைப் பொத்தானைக் கழற்றினான்.

குமுதா கத்தினாள்.

அவன் குனிந்தான். இரண்டு கைகளையும் அந்தத் தோள்களுக்கு மேலாகக் கொண்டுபோனான். சங்கிலியை முன்னாலிருந்து பின்னால் கொண்டுவந்து, ஈர முடிக்குக் கீழே, பொறுமையாக, கொக்கியை மாட்டினான். மாட்டி முடித்த பிறகும் அவன் தன் கைகளை அங்கிருந்து எடுக்கவில்லை.